மெயில் லேட் என்கிறீர்களா? லாக் ஃபைலைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்!

"மெயில் அனுப்பிட்டேன் தம்பி. பத்து நிமிஷத்துல போயிடும்ல?"

எங்கள் தெருமுனையில் சிறிய அச்சகம் நடத்தும் அண்ணாச்சி இப்படிக் கேட்டபோது, "பத்து நிமிஷம் எதுக்கு அண்ணாச்சி, பத்து செகண்ட் போதும்" என்று சொன்னேன். அப்படிச் சொன்னது தவறு. அந்தத் தவறுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

அண்ணாச்சி கம்ப்யூட்டர் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. அச்சகத்தின் பெயரிலேயே ஓர் இணையதளமும், அந்தப் பெயரில் ஒரு மெயில் முகவரியும் ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்றிடம் வாங்கி வைத்திருக்கிறார். ஒரு நிறுவனம் நோட்டுப் புத்தகங்கள் அச்சடிக்க விலைப்புள்ளி கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் மெயிலில் வந்து சேர வேண்டும் என்பது நிபந்தனை. அண்ணாச்சி 3.10க்கு செண்ட் பட்டனை அழுத்தினார். சனிக்கிழமை காலை பதில் வந்தது. "உங்கள் மெயில் மாலை 6.51க்கு எங்களுக்குக் கிடைத்தது. காலம் கடந்துவிட்டதால் ஏற்க இயலாது."

அச்சகத்தில் நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. இந்த ஆர்டரை நம்பித்தான் போனஸ் கணக்குப் போட்டு வைத்திருந்தார். என்னிடம் வந்து கோபப்படவில்லை. "பத்து செகண்டுன்னு சொன்னீங்களே தம்பி" என்று மட்டும் கேட்டார்.

அன்று ஆளுக்கு ஒரு பதில் வைத்திருந்தோம். "நீங்கள் லேட்டாக அனுப்பியிருப்பீர்கள்" என்றது அந்த நிறுவனம். "எங்க சைடுல எல்லாம் ஓகே சார்" என்றார் ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவி மையத்தில் இருந்தவர். "நெட் ஸ்லோவா இருந்திருக்கும்" என்றேன் நான். மூன்றுமே ஊகம்தான். ஒருவரும் பதிவேட்டைத் திறந்து பார்க்கவில்லை.

மெயில் தாமதம் என்பது மழை போல வானத்தில் இருந்து விழுவது அல்ல. எந்த இடத்தில், எத்தனை நிமிடம், எதற்காக நின்றது என்பது மெயில் கடந்து போகும் ஒவ்வொரு சர்வரிலும் எழுதப்படுகிறது. அதைப் பார்க்காமல் யாரையும் குற்றவாளி ஆக்கக் கூடாது. இதுதான் என் கட்சி.

மெயில் நேராகப் போவதில்லை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர், செண்ட் பட்டனை அழுத்தியதும் மெயில் நம் வீட்டில் இருந்து அவர் வீட்டுக்குப் பறந்து போகிறது என்று நினைக்கிறார்கள். தொலைபேசி அப்படி. மெயில் அப்படி இல்லை. அது தபால் மாதிரி கை மாறிக் கை மாறிப் போகிறது. உங்கள் கம்ப்யூட்டர் உங்கள் மெயில் சர்வரிடம் கொடுக்கிறது. அந்த சர்வர், பெறுபவரின் மெயில் சர்வரைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிறது. பெரிய நிறுவனம் என்றால் வாசலில் வைரஸும் ஸ்பேமும் சோதிக்கும் ஒரு சர்வர், உள்ளே இன்னொரு சர்வர் என்று இரண்டு மூன்று இருக்கும். கடைசியாக இன்பாக்ஸ்.

இந்தக் கை மாற்றலுக்கான விதிமுறைதான் எஸ்.எம்.டி.பி. ஜான் போஸ்டல் என்பவர் 1982ல் இதனை எழுதினார். 2008ல் இதன் திருத்திய வடிவம் ஆர்.எஃப்.சி. 5321 என்ற எண்ணில் வெளியானது. அதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. எதிர்முனை சர்வர் உடனே வாங்கிக்கொள்ளவில்லை என்றால், அனுப்பும் சர்வர் மெயிலை வரிசையில் வைத்திருந்து மீண்டும் முயல வேண்டும். இரண்டு முயற்சிகளுக்கு இடையே பொதுவாக 30 நிமிடமாவது இடைவெளி விட வேண்டும். கைவிடுவதற்கு முன் நான்கைந்து நாட்களாவது முயல வேண்டும். அதாவது, மெயில் தொலையக் கூடாது என்பதற்குத்தான் அந்த விதி முதலிடம் தருகிறது. பத்து செகண்டில் போய்ச் சேரும் என்ற உறுதியை அது யாருக்கும் தரவில்லை. பெரும்பாலும் செகண்டுகளில் போய்விடுவதால் நாமாக அப்படி நினைத்துக்கொண்டோம். என் தவறும் அதுதான்.

மெயிலின் மேல் விழும் முத்திரைகள்

தபால் கவரின் மேல் ஒவ்வொரு அஞ்சலகமும் முத்திரை குத்துவது போல, மெயில் கடக்கும் ஒவ்வொரு சர்வரும் தன் பெயர், தேதி, நேரம் ஆகியவற்றை மெயிலின் தலைப்பகுதியில் ஒரு வரியாக எழுதி வைக்கிறது. இதற்கு ரிசீவ்ட் வரி என்று பெயர். சாதாரணமாக இது நம் கண்ணில் படாது. பார்ப்பது எளிது.

ஜிமெயிலை பிரவுசரில் திறந்து, குறிப்பிட்ட மெயிலுக்குள் செல்லவும். ரிப்ளை குறிக்கு அருகில் உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து, ஷோ ஒரிஜினல் என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். மேலே உள்ள சிறு கட்டத்தில் மெயில் எப்போது உருவானது, எத்தனை செகண்ட் கழித்து வந்து சேர்ந்தது என்று ஜிமெயிலே கணக்குப் போட்டுக் காட்டும். கீழே முழுத் தலைப்பகுதியும் கிடைக்கும். தண்டர்பேர்டு பயன்படுத்துபவர்கள் மெயிலைத் திறந்து கண்ட்ரோல் + யு அழுத்தினால் போதும். பழைய வகை அவுட்லுக்கில் மெயிலைத் தனி விண்டோவில் திறந்து, ஃபைல் மெனுவில் பிராப்பர்ட்டீஸ் செல்லவும். இன்டர்நெட் ஹெடர்ஸ் என்ற பெட்டியில் எல்லாம் இருக்கும்.

படிக்கும்போது மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள்.

முதலாவது, கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே சேர்ப்பதால், முதல் முத்திரை அடியில் இருக்கும்.

இரண்டாவது, நேரத்தின் பின்னால் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். +0530 என்றால் நம் இந்திய நேரம். -0700 என்றால் அமெரிக்க மேற்குக் கரையின் கோடைக்கால நேரம். அதனுடன் பன்னிரண்டரை மணி நேரம் கூட்டினால்தான் நம் நேரம் வரும். இதை மறந்தால், மாலையில் வந்த மெயில் விடியற்காலையில் வந்ததாகத் தெரியும்.

மூன்றாவது, டேட் என்ற வரியை அப்படியே நம்பக் கூடாது. மெயில் எழுதிய கம்ப்யூட்டரின் கடிகாரம் சொல்லும் நேரம்தான் அது. மதர்போர்டில் உள்ள சிறிய பேட்டரி தீர்ந்துபோன கம்ப்யூட்டராக இருந்தால் பல வருடம் முந்தைய தேதியைக்கூடக் காட்டும். ரிசீவ்ட் வரிகளிலும் அடியில் உள்ளவற்றைப் போலியாக எழுத ஸ்பேம் அனுப்புபவர்களால் முடியும். உங்கள் சொந்த சர்வர் எழுதிய வரியில் தொடங்கிச் சரிபார்ப்பதே பாதுகாப்பு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த முத்திரைகள் எல்லாம் பெறுபவரின் மெயிலில்தான் இருக்கும். அனுப்பியவரின் செண்ட் ஃபோல்டரில் இருப்பது வெறும் நகல். அதில் வழியில் விழுந்த முத்திரை எதுவும் கிடையாது. அதனால்தான் "செண்ட்ல இருக்கு பாருங்க" என்று அண்ணாச்சி காட்டியது யாரிடமும் எடுபடவில்லை. அனுப்பியவர் தன் பக்கத்தை நிரூபிக்க, தன் மெயில் சர்வரின் லாக் ஃபைலைத்தான் கேட்க வேண்டும்.

லாக் ஃபைல் என்ன சொன்னது?

முதலில் "மெயில் லேட்டாகப் போயிருக்கிறது, ஏன்?" என்று கேட்டோம். "எல்லாம் ஓகே" என்று பதில் வந்தது. இரண்டாவது முறை கேள்வியை மாற்றினோம். அனுப்பிய முகவரி, பெறும் முகவரி, நாள், சுமாரான நேரம், செண்ட் ஃபோல்டரில் உள்ள மெயிலின் மெசேஜ் ஐ.டி. ஆகிய ஐந்தையும் எழுதி, "இந்த மெயிலுக்கு உரிய லாக் வரிகளை மட்டும் அனுப்புங்கள்" என்று கேட்டோம். அரை மணி நேரத்தில் மூன்று வரிகள் வந்தன. பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். குறிப்பாகக் கேளுங்கள்.

அந்த ஹோஸ்டிங் நிறுவனம் பயன்படுத்துவது எக்ஸிம் என்னும் மெயில் சர்வர் மென்பொருள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் ஹேசல் 1995ல் உருவாக்கியது. இதன் லாக்கில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு குறி உண்டு. இடப்பக்கம் பார்க்கும் அம்பு இருந்தால் மெயில் சர்வருக்குள் வந்தது. வலப்பக்கம் பார்க்கும் அம்பு என்றால் அடுத்த சர்வரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு சமக்குறிகள் என்றால் இப்போதைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. இரண்டு நட்சத்திரங்கள் என்றால் தோல்வி. இவ்வளவு தெரிந்தால் போதும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

முதல் வரி, 15:41:36, இடப்பக்க அம்பு.
இரண்டாம் வரி, 15:41:52, இரண்டு சமக்குறிகள். காரணமாக 450 என்ற எண்ணும், கிரே லிஸ்ட் செய்யப்பட்டுள்ளது, பிறகு முயலவும் என்ற செய்தியும்.
மூன்றாம் வரி, 16:18:31, வலப்பக்க அம்பு. அருகில் 250 ஓகே.

முதல் வரியே எங்களுக்கு அதிர்ச்சி. 3.10க்கு செண்ட் அழுத்திய மெயில் சர்வருக்குள் நுழைந்தது 3.41க்கு. முதல் 31 நிமிடத் தாமதம் அண்ணாச்சியின் கடையிலேயே நடந்திருக்கிறது! விலைப்புள்ளியையும் சான்றிதழ்களையும் கலரில், அதிக டி.பி.ஐ. வைத்து ஸ்கேன் செய்து 11 எம்.பி. அளவுக்கு அட்டாச் செய்திருந்தார். அட்டாச்மென்ட்டை மெயிலுக்கு ஏற்ற எழுத்துகளாக மாற்றும்போது அதன் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். பாதியில் நெட் அறுந்தால், விட்ட இடத்தில் இருந்து தொடராது. மறுபடி முதலில் இருந்து அனுப்ப வேண்டும். அன்று இரண்டு முறை அறுந்திருக்கிறது. மெயில் அவுட்பாக்ஸிலேயே கிடந்திருக்கிறது. அண்ணாச்சி செண்ட் அழுத்தியதும் டீ குடிக்கப் போய்விட்டார்.

லாக் ஃபைலைக் கேட்பவர் இதற்கும் தயாராக இருக்க வேண்டும். அது நமக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்ப்பதில்லை.

வாசலில் 37 நிமிடம்

அடுத்த தாமதத்துக்குக் காரணம் கிரே லிஸ்டிங். 2003ல் இவான் ஹாரிஸ் என்பவர் முன்வைத்த ஸ்பேம் தடுப்பு முறை இது. முன்பின் பார்க்காத ஒருவரிடம் இருந்து முதல் முறையாக மெயில் வந்தால், சர்வர் அதை மறுக்காது, ஏற்கவும் செய்யாது. "இப்போது முடியாது, கொஞ்ச நேரம் கழித்து வா" என்று சொல்லி அனுப்பிவிடும். லட்சக்கணக்கில் ஸ்பேம் அனுப்பும் புரோகிராம்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. முறையான சர்வர் விதிப்படி திரும்பி வரும். அப்போது வாங்கிக்கொள்ளும்.

மெயில் சர்வர்களின் பதில் எண்களில் 4ல் தொடங்குவது தற்காலிகத் தடை. 5ல் தொடங்குவது இறுதியான மறுப்பு. 250 என்றால் வாங்கிக்கொண்டேன், இனி என் பொறுப்பு. ஹோஸ்டிங் சர்வர் தன் வரிசையை அடுத்த முறை எடுத்துப் பார்த்தது 4.18க்கு. ஆக 37 நிமிடம் போனது.

இந்த 37 நிமிடத்துக்கு யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஸ்பேம் வேண்டாம் என்றால் இந்த விலை கொடுக்கத்தான் வேண்டும். இரு பக்கமும் விதிப்படியே நடந்தது. தாமதம் எல்லாமே தவறு ஆகிவிடாது.

உள்ளே 2 மணி 33 நிமிடம்

மிச்சத் தாமதம் எங்கே? மூன்றாவது வரியைக் காட்டி, "4.18க்கு உங்கள் சர்வர் 250 ஓகே சொல்லியிருக்கிறது. உங்களிடம் உள்ள மெயிலின் ஹெடரை அனுப்ப முடியுமா?" என்று அந்த நிறுவனத்துக்கு எழுதினோம். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அங்குள்ள ஓர் அதிகாரி ஹெடரைக் காப்பி செய்து அனுப்பினார். அதில் வாசல் சர்வரின் முத்திரை 03:48:09 -0700. பன்னிரண்டரை மணி நேரம் கூட்டுங்கள். நம் நேரம் 16:18:09. அதற்கு மேல் உள்ள வரியில், உள் சர்வரின் முத்திரை 18:51:02 +0530. இரண்டுக்கும் நடுவில் 2 மணி 33 நிமிடம். மெயில் அவர்கள் வாசலைத் தாண்டிய பிறகு, அவர்களின் சோதனை சர்வரிலேயே நின்றிருக்கிறது.

மொத்தத் தாமதம் 3 மணி 41 நிமிடம். அதில் 31 நிமிடம் அண்ணாச்சியுடையது. 37 நிமிடம் விதியுடையது. 153 நிமிடம் அவர்களுடையது. "லேட்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனிக் கணக்குகள்!

எது வந்து சேர்ந்த நேரம்?

நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 என்ற நம் நாட்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவை எல்லாரும் ஒரு முறை படிப்பது நல்லது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத நிலையில், அனுப்பியவரின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு கம்ப்யூட்டர் அமைப்புக்குள் நுழையும் நேரமே அனுப்பிய நேரம் என்கிறது அது. பெறுபவர் இதற்கென ஒரு கம்ப்யூட்டர் அமைப்பைக் குறிப்பிட்டிருந்தால், அதற்குள் நுழையும் நேரமே பெற்ற நேரம். இன்பாக்ஸில் தெரிந்த நேரம் என்றோ, அலுவலர் திறந்து பார்த்த நேரம் என்றோ அங்கே சொல்லப்படவில்லை.

வாசல் சர்வரை அங்கே வைத்தது அந்த நிறுவனம்தான். எங்கள் மெயில்களை இங்கே கொடுங்கள் என்று உலகத்துக்கு அறிவித்திருப்பதும் அவர்கள்தான். அங்கே வாங்கிக்கொண்டு 250 சொன்ன பிறகு, உள்ளே எடுத்துப் போகத் தாமதமானதற்கு அனுப்பியவர் தண்டனை அனுபவிப்பது நியாயம் இல்லை. வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டு வாங்கிய கவரை மேனேஜர் மேசைக்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தால், அது கவர் கொண்டுவந்தவர் குற்றமா?

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. "ஒவ்வொரு மெயிலுக்கும் ஹெடர் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?" என்று அலுவலகங்கள் கேட்கும். வேண்டாம். ஆனால் ஒருவரின் விண்ணப்பத்தையோ விலைப்புள்ளியையோ நேரத்தைக் காரணம் காட்டி நிராகரிக்கும்போது மட்டும் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. எந்தக் கடிகாரத்தின்படி 5 மணி என்பதையும் அறிவிப்பிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஹோஸ்டிங் நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மெயிலின் உள்ளே எழுதப்பட்ட செய்தி இந்த லாக்கில் இருப்பதில்லை. யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு பெரியது, என்ன ஆனது என்பவைதான் இருக்கும். வாடிக்கையாளர் தன் மெயிலுக்கு உரிய வரியைக் கேட்டால் கொடுப்பதில் தயக்கம் எதற்கு?

நீங்கள் செய்ய வேண்டியவை

கெடு உள்ள மெயிலை முதல் நாளே அனுப்புங்கள். முடியாவிட்டால் காலையிலேயே அனுப்புங்கள். ஸ்கேன் செய்யும்போது கறுப்பு வெள்ளையில், படிக்கும் அளவுக்கு மட்டும் டி.பி.ஐ. வையுங்கள். செண்ட் அழுத்தியதும் எழுந்து போகாமல் அவுட்பாக்ஸ் காலியாகிறதா என்று பாருங்கள். பிறகு போன் செய்து "வந்துவிட்டதா?" என்று கேளுங்கள். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"மெயில் தாமதமாகிறது, தொடர்ந்து முயல்கிறோம்" என்று அறிவிப்பு வந்தால் பதற்றப்பட்டு நான்கு முறை திரும்ப அனுப்ப வேண்டாம். அது தோல்வி அறிவிப்பு அல்ல. அறிவிப்பை முழுதாகப் படித்து, எண் 4ல் தொடங்குகிறதா, 5ல் தொடங்குகிறதா என்று பாருங்கள். அவசரம் என்றால் வேறு வழியில் தகவல் சொல்லுங்கள்.

சிக்கல் வந்தால் அன்றே லாக் கேளுங்கள். லாக் ஃபைல்களை எந்த நிறுவனமும் காலம் காலமாக வைத்திருப்பதில்லை. உங்கள் ஹோஸ்டிங்கில் சி-பேனல் இருந்தால், அதில் இமெயில் பிரிவில் ட்ராக் டெலிவரி என்ற வசதியில் நீங்களே பார்க்கலாம். இலவச மெயில் பயன்படுத்துபவர்களுக்கு சர்வர் லாக் கிடைக்காது. பெறுபவரிடம் ஹெடரைக் கேட்பதுதான் வழி.

அண்ணாச்சி கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். விலைப்புள்ளிகளை அவர்கள் அதுவரை பிரிக்கவில்லை. அந்த அதிகாரி ஹெடரையும் லாக் வரிகளையும் வைத்துக் குறிப்பு எழுதி, அண்ணாச்சியின் விலைப்புள்ளியையும் சேர்த்துக்கொண்டார். ஆர்டர் கிடைத்ததா என்றால், இல்லை. வேறொருவர் குறைந்த விலை கொடுத்திருந்தார்.

"விலையில தோத்தேன் தம்பி, அது யாவாரம். நேரத்துல தோத்தேன்னு சொன்னாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல" என்றார் அண்ணாச்சி. இப்போது அவர் கடையில் மேசைக்கு மேல் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. அதில் எழுதியிருப்பது: "அவுட்பாக்ஸ் காலியா? போன் பண்ணியாச்சா?" அதற்குப் பிறகுதான் டீ.

இன்றே உங்கள் இன்பாக்ஸில் உள்ள ஏதாவது ஒரு மெயிலைத் திறந்து, அதன் ஹெடரைக் கீழிருந்து மேலாகப் படித்துப் பாருங்கள். சிக்கல் வராத நாளில் பழகிக்கொண்டால், சிக்கல் வரும் நாளில் கை நடுங்காது.